நியூசிலாந்தில் 23 நாள் கார் பயணம்: மழைக்கும் இடம் விட்டுத் திட்டம் போடுங்கள்

எங்கள் முதல் திட்டத் தாளில் 23 நாளுக்கு 31 ஊர்கள் இருந்தன. கிளம்புவதற்குள் 18 ஊர்களை அடித்துவிட்டோம். மீதி 13 ஊர்களில்தான் இரவு தங்கினோம். அடித்த ஊர்களில் ஒன்றுக்காகவும் இன்றுவரை வருத்தப்படவில்லை.

அடிக்க வைத்தது மழை. நியூசிலாந்தில் நாம் பார்க்கப் போவதெல்லாம் திறந்த வெளியில் இருப்பவை. மேகம் இறங்கிவிட்டால் 3,724 மீட்டர் உயரமான ஆவோராக்கி மலை, அதாவது மவுண்ட் குக், கண்ணெதிரே இருந்தும் தெரியாது. காற்று பலமாக வீசினால் டோங்காரிரோ மலைப்பாதைக்கு அழைத்துப்போகும் பஸ்கள் ஓடாது. ஊருக்கு ஒரு இரவு என்று ஓடினால், ஒரு நாள் மழையில் அந்த ஊரே போய்விடும். அதே ஊரில் இரண்டு இரவு இருந்தால் ஒரு நாளாவது வானம் திறக்க வாய்ப்பு உண்டு. இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்லப்போவது இதைத்தான். முதல் முறை போகிறவர்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். போனவர்கள் நால்வர்: நான், மனைவி, ஆறு வயது மகள், அம்மா.

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பருவங்கள் அங்கே நமக்கு நேர்தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி முழுவதும் அந்த ஊர்க்காரர்களுக்கே பள்ளி விடுமுறை என்பதால் இரு தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலும் அறைகளும் கிடைப்பது கஷ்டம். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதிவரை போவதுதான் என் கணக்கில் சிறந்தது. வெயில் இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், இரவு எட்டு மணி வரை வெளிச்சமும் இருக்கும். டேகாபோ ஏரிக்கரையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக லூபின் பூக்கள் பூத்திருக்கும் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தால், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பருக்குள் போக வேண்டும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குளிர்காலம். மலைச்சாலைகளில் பனி விழும், டயருக்குச் சங்கிலி கட்டத் தெரிந்திருக்க வேண்டும். பனியில் ஓட்டிப் பழகாதவர்கள் முதல் பயணத்துக்கு அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பிப்ரவரியில் போனால் 6ஆம் தேதி வைத்தாங்கி நாள் என்பதை நினைவில் வையுங்கள். 1840இல் மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள். நாடு முழுக்க விடுமுறை.

விசா, அப்புறம் அம்மாவின் பருப்புப் பொடி

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசிட்டர் விசா வேண்டும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும்: ஒரு ஆளுக்கு மாதம் 1,000 நியூசிலாந்து டாலர், தங்குமிடத்துக்கு முன்பே கட்டிவிட்டிருந்தால் 400. சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம், மின்னணு அனுமதி மட்டும் போதும். எப்படிப் போனாலும் சுற்றுலா வரியாக 100 டாலர் சேர்ந்து வரும், அதைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் ஆன்லைனில் பயணி அறிவிப்புப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

அந்தப் படிவத்தில் உணவுப் பொருள் பற்றிய கேள்விகளுக்குத்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். விவசாயத்தை நம்பியிருக்கும் தீவு நாடு என்பதால் வெளியிலிருந்து ஒரு விதையோ பூச்சியோ நோயோ வந்துவிடக் கூடாது என்பதில் கறாராக இருக்கிறார்கள். உணவைச் சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். தேன், பழம், பச்சைக் காய்கறி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். மசாலாவும் பொடியும் கம்பெனி பாக்கெட்டில், பிரிக்காமல், உள்ளே இருப்பது இங்கிலீஷில் அச்சிட்டபடி இருந்தால் வேலை சுலபம். சந்தேகமாக இருக்கும் எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடுங்கள். சொன்னதற்கு அபராதம் கிடையாது. பொருள் கூடாது என்றால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பெட்டியில் அம்மா வீட்டில் திரித்த பருப்புப் பொடி இருந்தது. 'ஆம்' போட்டிருந்தோம். அதிகாரி பையைத் திறந்து, முகர்ந்து பார்த்து, என்ன பருப்பு, வறுத்ததா என்று பொறுமையாகக் கேட்டார். பொடியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கடியில் செய்தித்தாளில் சுற்றிய கறிவேப்பிலைக் கொத்து ஒன்று கிடந்தது, அது எனக்கே தெரியாது. அதை மட்டும் எடுத்துத் தனித் தொட்டியில் போட்டார். "செடியிலேர்ந்து காலையிலதான்டா பறிச்சேன்" என்று அம்மா தமிழிலேயே வருத்தப்பட்டார். அடுத்து அவர் கேட்டது எங்கள் நடை ஷூக்களை. அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பார்க்கத்தான். ஷூவையும் கூடாரத்தையும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக் காயவைத்துக்கொண்டு போங்கள்.

வண்டி: காரா, கேம்பர்வேனா?

வீட்டோடு ஓடும் கேம்பர்வேன் ஆசை எல்லாருக்கும் வரும். இரண்டு பேர், மூன்று வாரம், குளிரில் தூங்கிப் பழக்கம் என்றால் தாராளமாக எடுங்கள். ஆனால் ஒரு விஷயம்: எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாம் என்பது உண்மையில்லை. எங்கே தங்கலாம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் விதி இருக்கிறது. நிலையான கழிப்பறை பொருத்தி, கழிவுநீரை உள்ளேயே சேர்த்து வைக்கும் சான்றிதழ் பெற்ற வண்டிக்கு மட்டும்தான் பல இடங்களில் அனுமதி. மீறினால் அபராதம் 400 டாலரில் தொடங்கும். வாடகை கேம்பர் எடுக்கும்போது சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு, வண்டியில் ஒட்டிய அட்டையை உங்கள் கண்ணால் பாருங்கள்.

வயதான அம்மாவும் குழந்தையும் உடன் வந்ததால் நாங்கள் கார் எடுத்து, சமையலறை உள்ள கேபின்களில் தங்கினோம். நால்வர் குடும்பத்துக்கு இதுதான் நல்லது என்று நினைக்கிறேன். ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். காருடனேயே பதிவு செய்துவிடுங்கள்.

வண்டி ஒப்பந்தத்தில் நான்கு வரிகளைத் தேடிப் படியுங்கள். முதலாவது, 'எக்ஸஸ்' தொகை: வண்டிக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் தொடங்குவதற்கு முன் நம் கையிலிருந்து போகும் பணம். அதைக் குறைக்கும் திட்டத்துக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை, அங்கே சரளைக் கல் தெறித்துக் கண்ணாடி விரிசல் விடுவது சாதாரணம். இரண்டாவது, தடை செய்த சாலைகள். குயின்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் சாலை, வடக்கே தொண்ணூறு மைல் கடற்கரை இரண்டிலும் வாடகை வண்டிக்கு இன்ஷூரன்ஸ் செல்லாது. மூன்றாவது, ஒரு தீவில் எடுத்து இன்னொரு தீவில் விட எவ்வளவு கட்டணம், அதே காரைக் கப்பலில் ஏற்றலாமா, அல்லது கப்பல் ஏறும் வெலிங்டனில் விட்டுவிட்டு, இறங்கும் பிக்டனில் வேறு கார் எடுக்க வேண்டுமா. நான்காவது டீசல். நியூசிலாந்தில் டீசல் வண்டிக்கு ஓடும் கிலோமீட்டர் கணக்கில் தனிச் சாலை வரி உண்டு, பம்பில் போடும் விலையில் அது சேராது. ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து எங்கள் கார்டிலிருந்து ஒரு தொகை போனது. விசாரித்தால் இந்த வரி. கவுண்டரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. டீசல் மலிவு என்று மயங்குவதற்கு முன் இந்த வரியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

லைசென்ஸ் இங்கிலீஷில் இருந்தால் அதை வைத்தே ஓட்டலாம். சில வாடகை நிறுவனங்கள் இன்டர்நேஷனல் பர்மிட்டும் கேட்பதுண்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கிக்கொண்டு போனால் நிம்மதி. இன்ஷூரன்ஸ் பற்றி இன்னொன்று: அந்நாட்டில் விபத்தில் அடிபட்டால் சுற்றுலாப் பயணியின் சிகிச்சைச் செலவையும் ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் ஏற்கிறது. ஆனால் காய்ச்சல், நெஞ்சுவலி போன்ற நோய்க்கு அது வராது. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் பயண இன்ஷூரன்ஸ் இல்லாமல் விமானம் ஏறவே கூடாது.

திட்டம் போடும் வரிசை

பெரும்பாலானவர்கள் முதல் நாளிலிருந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நடுவிலிருந்து தொடங்குங்கள்.

நடுவில் இருப்பது கப்பல். வடக்குத் தீவின் வெலிங்டனிலிருந்து தெற்குத் தீவின் பிக்டனுக்கு, குக் நீரிணையைத் தாண்டி, காரோடு சுமார் மூன்றரை மணி நேரம். இன்டர்ஐலேண்டர், ப்ளூபிரிட்ஜ் என இரண்டு சேவைகள். வண்டியின் நீளத்தைப் பொறுத்துக் கட்டணம். முதலில் இந்த டிக்கெட்டை எடுங்கள், கோடையில் இது தீர்ந்துவிடும். நீரிணையில் காற்று பலமாக இருந்தால் கப்பல் தள்ளிப்போகும், ரத்தும் ஆகும். அதனால் கப்பலுக்கு முன் வெலிங்டனில் இரண்டு இரவு வைத்தோம், கப்பல் இறங்கும் நாளுக்குப் பணம் திரும்பாத அறை எதையும் எடுக்கவில்லை. கடைசி ஒரு மணி நேரம் கப்பல் பச்சை மலைகளுக்கு நடுவே குறுகிய நீர்வழியில் போகும். அப்போது மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள்.

அடுத்து, வானிலையை நம்பியிருக்கும் இடங்களைக் குறியுங்கள். எங்கள் தாளில் நான்கு இருந்தன: வடக்கே டோங்காரிரோ, தெற்கே ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாறு, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த மில்ஃபோர்ட் சவுண்ட், ஆவோராக்கி. மில்ஃபோர்ட் தவிர மற்ற மூன்றுக்கும் இரண்டு இரவு, மில்ஃபோர்டுக்காக தே அனாவ் ஊரில் மூன்று இரவு என்று வைத்தோம். மீதி நாட்களைப் பிறகுதான் நிரப்பினோம்.

அப்புறம் தூரம். கிலோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்கில் எழுதுங்கள். பெரும்பாலான சாலைகள் போக ஒன்று, வர ஒன்று என்ற இரண்டே தடங்கள், மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். ஃபிரான்ஸ் ஜோசஃபிலிருந்து வானகாவுக்கு 285 கி.மீ.தான். மேப் நான்கு மணி நேரம் என்று காட்டும். அருவிக்கு ஒரு நிறுத்தம், ஏரிக்கு ஒரு நிறுத்தம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஏழு மணி நேரம். மேப் காட்டும் நேரத்தோடு பாதியைக் கூட்டுங்கள், அது நான்கு மணி நேரத்துக்குமேல் போகும் நாளுக்கு அடுத்த நாள் வண்டியே எடுக்காதபடி பாருங்கள்.

இப்படிப் போட்டதில் எங்களுக்கு வந்த கணக்கு இது. ஆக்லாந்து ஒரு இரவு, கோரமண்டல் தீபகற்பத்தில் ஹாஹெய் இரண்டு, ரோட்டோருவா இரண்டு, டோங்காரிரோ அடிவாரம் இரண்டு, வெலிங்டன் இரண்டு. கப்பல் தாண்டி நெல்சன் பக்கத்துக் கடற்கரையில் இரண்டு, புனகைக்கி ஒன்று, ஃபிரான்ஸ் ஜோசஃப் இரண்டு, வானகா இரண்டு, தே அனாவ் மூன்று, ஆவோராக்கி இரண்டு, டேகாபோ ஒன்று, கடைசியாக கிரைஸ்ட்சர்ச் ஒன்று. மொத்தம் 23. குயின்ஸ்டவுனில் தங்கவில்லை, போகும் வழியில் மதியம் ஒன்று கழித்தோம். கூட்டமும் விலையும் பார்த்தால் அதுவே போதும் என்று தோன்றியது. இரண்டே வாரம்தான் லீவு கிடைக்கிறது என்றால் வடக்குத் தீவை அப்படியே விட்டுவிட்டு கிரைஸ்ட்சர்ச்சில் இறங்குங்கள். இரண்டு தீவையும் 14 நாளில் அடக்க முயலாதீர்கள்.

வடக்குத் தீவு: தமிழில் எழுதிய மணி

கோரமண்டல் என்ற பெயரைப் பார்த்ததும் நமக்கு ஒரு பொறி தட்டும். அது சரிதான். 1820இல் பாய்மரக் கம்பங்களுக்கு மரம் தேடி இந்தத் துறைமுகத்துக்கு வந்த எச்.எம்.எஸ். கோரமண்டல் என்ற கப்பலின் பெயர்தான் தீபகற்பத்துக்கு வந்தது. கப்பலுக்கோ நம் சோழமண்டலக் கரையின் பெயர். இங்கே ஹாட் வாட்டர் பீச்சுக்குப் போக ஓத அட்டவணை பார்க்க வேண்டும். கடல் முழுதும் உள்வாங்கும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னும் பின்னும் மட்டும்தான் மணலைத் தோண்டினால் வெந்நீர் ஊறும். மண்வெட்டி வாடகைக்குக் கிடைக்கும். சில இடங்களில் கால் பொறுக்காத சூடு, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தையை இறக்குங்கள்.

டோங்காரிரோ மலைக்கடப்பு கிட்டத்தட்ட 20 கி.மீ., ஆறிலிருந்து எட்டு மணி நேரம். ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும் பாதை என்பதாலும், தொடங்கும் இடத்தில் சீசனில் நான்கு மணி நேரத்துக்குமேல் காரை விட முடியாது என்பதாலும் ஷட்டில் பஸ் பதிவு செய்வதுதான் வழி. முதல் நாள் காற்று, பஸ் ரத்து. இரண்டாம் நாள் கண்ணாடி மாதிரி வானம். மனைவி மட்டும் போய் வந்தார், நாங்கள் மூவரும் வாக்கபாப்பாவிலிருந்து தாரநாக்கி அருவி வரை இரண்டு மணி நேர நடை போனோம். ஒரு இரவு மட்டும் வைத்திருந்தால் அவருக்கு அந்த நாள் கிடைத்திருக்காது.

வெலிங்டனில் தே பாப்பா என்ற தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. இதன் சேகரிப்பில் உடைந்த வெண்கல மணி ஒன்று இருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி வடக்கே ஒரு மாவோரிக் கிராமத்தில் கண்டது, அப்போது அதைச் சமையல் பாத்திரமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதன் விளிம்பில் ஓடும் எழுத்து தமிழ். முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று படித்திருக்கிறார்கள். அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு உறுதியான விடை இல்லை. போவதற்கு முன் அருங்காட்சியகத்துக்கு எழுதி, மணி இப்போது காட்சியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் எழுத்தை அவ்வளவு தொலைவில் பார்க்கும்போது வரும் உணர்ச்சிக்காகவே ஒரு கடிதம் எழுதலாம். கப்பலுக்குக் காத்திருக்கும் நாளில் நியூலண்ட்ஸ் பகுதியில் இருக்கும் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கும் போகலாம். அம்மாவுக்கு வெலிங்டன் என்றால் இன்றும் அந்தக் கோயில்தான்.

சாலையில்

நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டுகிறார்கள் என்பது பெரிய வசதி. அந்தத் தைரியத்தில்தான் கவனம் தவறும். விமானத்திலிருந்து இறங்கிய அன்று வண்டியே எடுக்காதீர்கள். கோடையில் அங்கே நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால், உடம்பு இன்னும் நடுராத்திரியில் இருக்கும். ஒரு இரவு தூங்கிவிட்டுக் காரை வாங்குங்கள்.

ஊருக்குள் 50, வெளிச்சாலையில் 100 என்பது பொதுவான வேகம். 100 என்று பலகை இருப்பதால் 100இல் போக வேண்டும் என்று பொருள் இல்லை. வளைவுக்கு முன் மஞ்சள் பலகையில் 35, 25 என்று எழுதியிருக்கும், அதை அப்படியே நம்புங்கள். ரவுண்டானாவில் வலப்பக்கம் இருந்து வருகிற வண்டிக்கு நின்று வழி விட வேண்டும், நுழைந்துவிட்டால் விடுவார்கள் என்ற நம் ஊர் கணக்கு அங்கே ஆபத்து. பின்னால் மூன்று நான்கு வண்டிகள் சேர்ந்துவிட்டால், ஒதுங்க இடம் கிடைத்ததும் இடதுபுறம் விலகி அவர்களை விடுங்கள். உள்ளூர்க்காரர்கள் எங்களிடம் எதிர்பார்த்த ஒரே மரியாதை இதுதான். ஹாரன் சத்தம் 23 நாளில் இரண்டு முறை கேட்டிருப்பேன்.

ஒற்றை வழிப் பாலங்களைப் பற்றி வண்டி எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தெற்குத் தீவின் மேற்குக் கரையில் இவை ஏராளம். பாலத்துக்கு முன் பலகையில் இரண்டு அம்புகள் இருக்கும். உங்கள் திசை அம்பு சிறியதாக, சிவப்பாக இருந்தால் நீங்கள் நின்று எதிர்வண்டியை விட வேண்டும். நீலப் பலகையில் உங்கள் அம்பு பெரிதாக, வெள்ளையாக இருந்தால் உங்களுக்கு முன்னுரிமை, ஆனாலும் எதிரே யாராவது ஏறிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். ஹாஸ்ட் ஆற்றின் மேல் உள்ள பாலம் 700 மீட்டருக்கும் மேல் நீளம், நாட்டிலேயே மிக நீளமான ஒற்றை வழிப் பாலம். நாங்கள் ஏறிப் பாதி தூரம் போனபோது மறுகரையிலிருந்து ஒரு பால் லாரி ஏறியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. பாலத்தின் நடுவிலேயே ஒதுங்கி நிற்க அகலமான இடம் விட்டிருக்கிறார்கள். நாங்கள் அதில் ஒதுங்கினோம். லாரிக்காரர் ஸ்டியரிங்கில் இருந்தபடியே ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அங்கே அதுதான் நன்றி. அன்றிலிருந்து என் மகள் பின்சீட்டில் இருந்தபடி எல்லா வண்டிக்கும் விரலைத் தூக்கிக்கொண்டே வந்தாள்.

பெட்ரோல் பங்க் கண்ணில் படும்போது பாதி டேங்க் இருந்தாலும் நிரப்புங்கள். அதே பகுதியில் போன் சிக்னலும் இல்லாமல் போகும், மேப்பை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். காலையில் கிளம்பும் முன் மெட்சர்வீஸ் வானிலையையும், அரசின் சாலை நிலவரப் பக்கத்தையும் பார்ப்பது பல் தேய்ப்பது மாதிரிப் பழக்கமாக வேண்டும். அவசரத்துக்கு 111. ஆக்லாந்து வடக்கிலும் டௌரங்கா பக்கத்திலும் டோல் சாலைகள் உண்டு, அங்கே கேட் இருக்காது, ஐந்து நாளுக்குள் ஆன்லைனில் கட்ட வேண்டும். மறந்தால் வாடகை நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்த்து எடுக்கும்.

தங்கலும் ரசமும்

ஹாலிடே பார்க் என்பதுதான் நம்மவர்களுக்கு ஏற்ற இடம். கூடாரம் போடுபவர், கேம்பரில் வருபவர், கேபினில் தங்குபவர் எல்லாருக்கும் பொதுவாகப் பெரிய சமையலறை, துணி துவைக்கும் எந்திரம், சூடான குளியல். சைவம் சாப்பிடுகிறவர்கள் சின்ன ஊர்களில் ஓட்டலை நம்பினால் சிப்ஸும் ரொட்டியும்தான். ஆக்லாந்தில் சாண்ட்ரிங்ஹாம் ரோட்டில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன, அரிசி, துவரம்பருப்பு, புளி மூன்று வாரத்துக்கும் அங்கேயே வாங்கிவிட்டோம். காய்கறிக்குப் பெரிய ஊர்களில் பாக்கன்சேவ் கடை விலை குறைவு. மேற்குக் கரையில் இறங்கும் முன் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள், அங்கே கடையும் சிறியது, விலையும் கூடுதல்.

ஃபிரான்ஸ் ஜோசஃபில் ஒரு நாள் முழுக்க மழை கொட்டியது. ஹெலிகாப்டர்கள் ஒன்றும் பறக்கவில்லை. பனியாறு வெகுவாகப் பின்வாங்கிவிட்டதால் அதன் மேல் நடக்க வேண்டுமென்றால் இப்போது ஹெலிகாப்டரில்தான் போக முடியும். பொதுச் சமையலறையில் அம்மா மிளகு ரசம் வைத்தார். தாளித்த வாசனை எழும்பியதும் பக்கத்து அடுப்பில் பாஸ்தா கிளறிக்கொண்டிருந்த இரண்டு ஜெர்மன் பிள்ளைகள் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தோம். மறுநாள் காலை மேகம் விலகி, பச்சைக் காட்டுக்கு மேலே வெள்ளையாகப் பனியாறு தெரிந்தது.

அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை, டாக் என்று சொல்வார்கள், நடத்தும் முகாம்களும் உண்டு. இடம் அழகு, விலை குறைவு. ஆனால் பல இடங்களில் குழி கழிப்பறையும் குளிர்ந்த தண்ணீரும்தான். நடைபாதைகள் திறந்திருக்கின்றனவா என்பதையும் இந்தத் துறையின் தளத்தில்தான் பார்க்க வேண்டும். ஆவோராக்கியில் புகழ்பெற்ற ஹூக்கர் பள்ளத்தாக்கு நடை போகப் போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள், பாலம் வேலைக்காகப் பாதியில் அடைத்திருந்த காலம் உண்டு.

மில்ஃபோர்ட்

இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த நாள் மில்ஃபோர்ட் நாள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குயின்ஸ்டவுனிலிருந்து ஒரே நாளில் போய் வருவது 580 கி.மீ. அதைச் செய்யாதீர்கள். தே அனாவில் தங்கினால் ஒரு பக்கம் 118 கி.மீ.தான். வழியில் பங்க் கிடையாது, முந்தின நாளே டேங்கை நிரப்புங்கள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் குயின்ஸ்டவுன் பஸ்கள் வந்து சேருவதற்கு முன் முதல் படகைப் பிடிக்கலாம்.

பாதையின் உச்சத்தில் ஹோமர் சுரங்கம். 1935இல் வெட்டத் தொடங்கி 1954இல்தான் வண்டிகளுக்குத் திறந்தார்கள். 1.2 கி.மீ. நீளம், உள்ளே நல்ல சரிவாக இறங்கும், பாறை அப்படியே தெரியும். சிக்னலுக்கு நிற்கும் இடத்தில் கீயா என்ற மலைக்கிளிகள் வரும். ஒன்று எங்கள் காரின் கூரையில் இறங்கி, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது. அப்புறம் கண்ணாடி ஓரத்து ரப்பரை அலகால் நிதானமாக உரிக்கத் தொடங்கியது. அழகாக இருக்கிறது என்று தீனி போட்டுவிடாதீர்கள், அது அந்தப் பறவைக்குக் கேடு.

ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம் அது. டாஸ்மான் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நேராக மலையில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. அதனால் மழை என்று படகை ரத்து செய்யாதீர்கள். மலையே தெரியாத அளவுக்கு மேகம் என்றால் மட்டும் நாளை மாற்றுங்கள். எங்களுக்கு முதல் நாள் மேகம், இரண்டாம் நாள் விட்டுவிட்டுத் தூறல். கடலிலிருந்து நிமிர்ந்து நின்ற கரும்பாறைச் சுவர் நெடுக நூல் நூலாக அருவிகள் இறங்கின. மழை நின்ற சில மணி நேரத்தில் அவற்றில் பல காணாமல் போய்விடும்.

படகுத்துறையில் சாண்ட்ஃப்ளை என்ற குட்டிக் கருப்புப் பூச்சி கடிக்கும். மாவோரி மொழியில் நமு. இவ்வளவு அழகான இடத்தை விட்டு மனிதர்கள் கிளம்பவே மாட்டார்கள் என்று பயந்து, ஹினே-நூய்-தே-போ என்ற தேவி இந்தப் பூச்சியை அவிழ்த்துவிட்டாள் என்று அவர்கள் கதை சொல்கிறார்கள். முழுக்கைச் சட்டை, காலுறை, மருந்து மூன்றும் வேண்டும். நிற்காமல் நடந்துகொண்டிருந்தால் கடி குறையும். என் மகளின் கணுக்காலில் இருந்த தடிப்பு வடிய பத்து நாள் ஆயிற்று.

கடைசி நாட்கள்

மேற்கே நனைந்தவர்களுக்குக் கிழக்கே வெயில் காத்திருக்கும். மலை மழையை எல்லாம் அந்தப் பக்கமே பிழிந்துவிடுவதால் மெக்கன்சி சமவெளி வறண்ட பொன்னிறம். புகாக்கி ஏரியின் பால் கலந்த நீலத்துக்குக் காரணம், பனியாறு பாறையை அரைத்துக் கொண்டுவரும் மாவு போன்ற தூள். டேகாபோ பகுதி 2012இலிருந்து இருண்ட வானக் காப்பகம். அங்கே தங்கும் இரவு அமாவாசைக்குப் பக்கத்தில் வரும்படி பயணத் தேதியையே நகர்த்தினோம், நீங்களும் நாள்காட்டியைப் பாருங்கள். ஆகாயத்தில் ஓரியன் விண்மீன் கூட்டம் தலைகீழாக நிற்கும்.

கிரைஸ்ட்சர்ச்சில் காரைத் திருப்பும் முன் டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மீட்டரையும் நான்கு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலிடே பார்க் சமையலறைகளில் பலவற்றில் 'இலவசம்' என்று எழுதிய ஒரு தட்டு இருக்கும், கிளம்புகிறவர்கள் மிச்சத்தை வைத்துவிட்டுப் போவார்கள், வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மூன்று வாரமாக உப்பும் எண்ணெயும் நாங்களும் அதிலிருந்து எடுத்திருந்தோம். கடைசிக் காலை அம்மா அரைக் கிலோ அரிசி, துவரம்பருப்பு, ஒரு பாக்கெட் ரசப்பொடி மூன்றையும் அந்தத் தட்டில் வைத்தார். ரசப்பொடி எப்படிப் போடுவது என்று என் கையால் ஒரு சீட்டில் இங்கிலீஷில் எழுதச் சொல்லி, பாக்கெட்டின் மேல் ரப்பர் பேண்டு போட்டார்.